பற்றாசு மறந்த பட்டறை

கரையான்சாவடியில் ஆவடிச் சாலை பிரியும் இடத்திற்கு அணித்தாக ஒரு சிறு கடை உண்டு. உள்ளே ஒருவர் அமர்ந்தால் மற்றொருவர் வெளியில்தான் நிற்றல் வேண்டும். கைப்பேசி, வானொலி, ஒலிபெருக்கி முதலியவற்றைப் பழுதுநீக்கித் தரும் கடை அது. கடைக்கு மேலே பெயர்ப்பலகை முழுதும் ஆங்கிலம்; கடைக்குள்ளே பேச்சு முழுதும் தமிழ். இக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி இவ்விரண்டு தொடர்களிலேயே அடங்கிவிட்டது எனினும், ஆங்கு யான் நேரிற் கண்ட ஒரு சிறு வினையை விரித்துரைத்தாலன்றி அதன் ஆழம் விளங்காது.

சென்ற திங்கள் ஒரு மாலை, என் பழைய வானொலிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கடை வாயிலில் நின்றிருந்தேன். வெண்கோல் ஊன்றிய மாணவர் இருவர் வந்தனர். பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி இருப்பது அன்பர்கள் அறிந்ததே. அவ்விருவரும் அங்குப் பயில்வோர். பாடங்களை ஒலிப்பதிவாகக் கேட்டுப் படிப்போர். இருவர்க்கும் சேர்த்து ஒரே கைப்பேசி, ஒரே செவிப்பொறி. (மக்கள் ‘எட்போன்’ என்று வழங்குவதையே செவிப்பொறி என்கின்றேன்.) அதன் ஒரு முனையை ஒருவனும் மறு முனையை மற்றவனும் செவியிற் செருகிக்கொண்டு இதுநாள்வரை படித்து வந்திருக்கின்றனர். இருபுற ஒலியாகப் பதிவுசெய்த பாடமாயின் ஒருவனுக்கு இடப்பக்க ஒலி மட்டும் கேட்கும். மற்றவனுக்கு வலப்பக்க ஒலி மட்டும் கேட்கும். மூடாத செவியிலோ விடுதியின் இரைச்சல் முழுதும் வந்து விழும்.

“அண்ணா, ரெண்டு பேரும் தனித்தனியா மாட்டிக்கிட்டுக் கேக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?” என்றான் மூத்தவன்.

கடைக்காரத் தம்பிக்கு இருபத்திரண்டு அல்லது இருபத்துமூன்று அகவை இருக்கும். அவன் மறுமொழி கூறவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய தகரப் பெட்டியை இழுத்தான். அதற்குள் இருந்தவை யாவும் காயலான் கடைச் சரக்கு. (காயற்பட்டினத்தார் நடத்தியமையால் அக் கடைக்கு அப் பெயர் வந்தது என்பர்.) பழைய கணிப்பொறியின் ஒலியட்டை ஒன்று, நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என மூன்று துளைகள் அதன் ஓரத்தில் வரிசையாக இருந்தன. கம்பியறுந்த செவிப்பொறி ஒன்று. அதன் செருகுமுனை மட்டும் பழுதின்றி இருந்தது. மூன்றாவதாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் சுற்றுப்பலகை. 2006 முதல் தமிழக அரசு வீடுதோறும் விலையின்றி வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளுள் ஒன்றன் உள்ளுறுப்பு அது. அப் பெட்டிகளுட் பல இன்று காயலான் கடைகளிற் கிடந்து, இவன் போன்றோர்க்கு உறுப்புக் களஞ்சியமாகப் பயன்படுகின்றன. இப்படியும் ஒரு பயன் விளையும் என்று வழங்கியோர் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஒலியட்டையிலிருந்து இரண்டு துளைகளைக் கழற்றுவதே முதல் வேலை. சூட்டுக்கோலை வைத்தான்; இளகவில்லை. உடனே பழைய பலகையிலிருந்து சிறிது பற்றுப்பொருளை உருக்கியெடுத்துப் புதிய பற்றின்மேல் விட்டான். இரண்டும் கலந்து நொடியில் இளகின. ஏன் அவ்வாறு செய்தாய் என்று வினவினேன். “புது போர்டுல இருக்கிற லெட்டு கெட்டி ஐயா, பழசைச் சேர்த்தா இறங்கிடும்” என்றான். அவன் கூறியது முழுதும் உண்மை. ஐரோப்பிய நாடுகள் 2006-இல் மின்னணுக் கருவிகளில் ஈயத்திற்குத் தடை விதித்தன. அதன்பின் வந்த பலகைகளில் பெரும்பாலும் ஈயமற்ற பற்றுப்பொருளே இருக்கும். அது உருக ஏறத்தாழ 217 பாகைச் சூடு வேண்டும். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பழைய வகையோ 183 பாகையிலேயே உருகிவிடும். இவ்வெண்களை அவன் அறியான். அவன் விரல்கள் அறிந்திருந்தன. ‘லெட்டு’ என்று அவன் சொன்னதன் தமிழ்ப்பெயரைப் பின்னர்ச் சொல்வேன்.

செருகுமுனையை அன்பர்கள் ஒருமுறை உற்று நோக்குக. மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் உடைய அச் சிறு முளையில் கருங்கோடுகள் இரண்டு இருக்கும். அவை நுனி, நடு, அடி என அதனை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனி இடச்செவிக்கு, நடு வலச்செவிக்கு, அடி இரண்டிற்கும் பொதுவான மீள்வழி. கோடுகள் மூன்றிருப்பின் பேசுவதற்கான ஒலிவாங்கியும் அதில் உண்டென்று பொருள். கேட்பதற்கு மட்டும் எனின் அவ்வழியைத் தொடாமல் விட்டுவிடலாம். உள்ளே செல்லும் கம்பிகள் மயிரினும் மெல்லியவை. சிவப்பும் பச்சையுமாய் அரக்குப் பூசப்பெற்றவை. இழுத்தால் அறாதிருக்க நடுவே நூலிழை ஓடும். அரக்கைப் பொசுக்காமற் பற்றவைத்தால் பற்று ஏறும், மின்னோட்டம் ஏறாது. இத் தொழிலிற் புதிதாய் இறங்குவோர் பலர் தோற்பது இவ்விடத்திலேதான். தம்பி சூட்டுக்கோலின் நுனியில் ஒரு துளி உருக்கை நிறுத்தி, அதனுட் கம்பி முனையை அமிழ்த்தி, புகை எழுந்து அடங்கும்வரை பொறுத்திருந்து எடுத்தான். முனை வெள்ளிபோல் மின்னியது.

நுனியோடு நுனி, நடுவோடு நடு, அடியோடு அடி என ஒரு முளையினின்று இரண்டு துளைகளுக்குக் கம்பி பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் எண்ணினேன். அவன் அங்கு நிறுத்தவில்லை. தொலைக்காட்சிப் பலகையிலிருந்து செம்மஞ்சள், செம்மஞ்சள், கருப்பு எனப் பட்டையிட்ட மின்தடைகள் நான்கினைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொரு துளைக்கும் இடவழியில் ஒன்றும் வலவழியில் ஒன்றுமாக இடையிற் சேர்த்தான். அவ் வண்ணங்களுக்கு 33 ஓம் என்று பொருள். (இந்த ‘ஓம்’ வேதியர் ஓதும் ஓம் அன்று, 1827-இல் மின்தடையின் நெறியை வெளியிட்ட செருமானியர் ஒருவரின் பெயர். மாந்தர் பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை.)

ஏன் இது என்றேன். “ஒரே குழாயில ரெண்டு வீட்டுக்குத் தண்ணி விட்டா, பள்ளத்து வீடு எல்லாத்தையும் இழுத்துக்கும்ல ஐயா. இதைப் போட்டா ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி போகும். போனும் சூடாகாது” என்றான்.

இதனைக் கணக்காற் பார்ப்போம். பொதுவான செவிப்பொறி ஒன்றன் தடை 32 ஓம். அத்தகைய இரண்டினை நேரே இணைப்பின் கைப்பேசி காணும் தடை 16 ஓம். அஃதாவது அது இருமடங்கு மின்னோட்டம் தர வேண்டும். இடையில் 33 ஓம் இட்டால் ஒவ்வொரு கிளையும் 65. இரண்டு கிளையும் சேர்ந்து 32½. கைப்பேசிக்கு ஒரே செவிப்பொறி மாட்டியது போன்றே தோன்றும். இனி, ஒருவனது 16 ஓமாகவும் மற்றவனது 32 ஓமாகவும் இருந்தால், தடையிடாத இணைப்பில் முன்னது பின்னதைப்போல் இருமடங்கு ஆற்றலை இழுத்துக்கொள்ளும். தடையிட்டால் இரண்டும் ஏறத்தாழ நிகராகிவிடும். ஒலி சிறிது தாழும். கைப்பேசியில் உயர்த்திக்கொண்டால் தீர்ந்தது. ஒரு செவிப்பொறி உள்ளே கம்பியொட்டிப் பழுதுற்றாலும் மற்றது முற்றும் அடங்கிப் போகாது. கடைகளில் மலிவாக விற்கும் பொருள்களுட் பலவற்றில் இத் தடைகள் இரா. வெறுங் கம்பிப் பிரிவே இருக்கும். அவற்றை வார்த்து மூடியிருப்பதால் பிரித்துப் பார்த்துத் திருத்தவும் இயலாது.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு பழைய மருந்துப் புட்டியின் மூடிக்குள் யாவற்றையும் அடக்கி ஒட்டினான். தன் செவிப்பொறி எந்தத் துளையில் என்பதை மாணவர்கள் தடவியறியும்படி, ஒரு துளைக்கருகே அரத்தால் ஒரு கீறலும் மற்றதன் அருகே இரு கீறலும் இட்டான். எவரும் சொல்லாமலே செய்தான். மாணவர் இருவரும் கேட்டுப் பார்த்தனர். இளையவன் சிரித்தான், மூத்தவன், “ரெண்டு பக்கமும் கேக்குது” என்று மட்டும் சொன்னான்.

நான் அவ்வொரு மணி நேரமும் மற்றொன்றனையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் வாயினின்று வந்த பெயர்கள்: சால்டரிங் அயன், லெட்டு, பிளக்கு, சாக்கு, ரெசிசிட்டர், போர்டு, கட்டர், மீட்டர். (‘சாக்கு எடு’ என்று உடனிருந்த சிறுவனிடம் அவன் சொன்னபோது, அரிசிச் சாக்கு இங்கெதற்கு என்று நான் மயங்கியதை மறைக்கவில்லை.) அவன் வாயினின்று வந்த வினைகள்: சுரண்டு, முறுக்கு, பொசுக்கு, உருக்கு, ஊது, தொடு, இழு, தட்டு, ஒட்டு. பெயர்களுள் தமிழாய் எஞ்சியது கம்பி ஒன்றே. வினைகளுள் ஆங்கிலம் ஒன்றேனும் இல்லை. செயல் முழுதும் தமிழில் நடக்கின்றது. செய்யும் பொருளுக்குத்தான் தமிழிற் பெயரில்லை. பெயரே இல்லையா, அல்லது இருந்த பெயரை இழந்தோமா?

‘லெட்டு’ என்று அவன் சொன்ன பொருளுக்குத் தமிழில் ‘பற்றாசு’ என்று பெயர். இது நேற்று ஒரு குழு கூடிப் புனைந்த சொல்லன்று. மாழைகளை இணைக்கப் பொற்கொல்லரும் கன்னாரும் இட்டுருக்கும் பொருளுக்கு வழிவழி வந்த பெயர். யாப்பிலக்கணம் பயின்ற அன்பர்கள் ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்பதை அறிவர். முதற் குறட்பாவிற்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டிசைக்குமாயின் ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர். அங்ஙனம் கூட்டும் அசைக்கு ‘ஆசு’ என்று பெயர். மாழைகளைப் பற்றாசு இட்டு இணைப்பதனையே யாப்பருங்கலக்காரிகையின் உரையாசிரியர் இதற்கு உவமையாகக் காட்டுகின்றார். அஃதாவது, வெண்பாவின் ஓசைப் பிளவை அடைக்கும் நுட்பத்திற்குப் பெயர் தேடிய புலவன், கொல்லன் பட்டறைக்குச் சென்று அங்கிருந்து அச் சொல்லைக் கடன் பெற்று வந்தான். ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்கின்றோமே, அதுவும் பொற்கொல்லன் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் தொழிலினின்று வந்த வழக்குத்தான்.

அக்காலத்தே பட்டறை கொடுத்தது, இலக்கணம் பெற்றுக்கொண்டது. இக்காலத்தே என்ன நிகழ்கின்றது? இலக்கணம் பயில்வோன் ஆசு என்னும் சொல்லை மனப்பாடம் செய்கின்றான். பற்றாசினை ஒருநாளும் கண்டிலன். பட்டறையில் இருப்பவன் நாள்முழுதும் பற்றாசில் உழல்கின்றான். அச் சொல்லை ஒருநாளும் கேட்டிலன். இருவரும் வாழ்வது ஒரே தெருவில்.

இதனால் விளையும் கேடு வெறும் பெயரளவிலானது அன்று. தம்பியிடம் உசாவியபோது அவன் கூறியது இது. அவன் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியிற் பயின்றவன். பின் ஒரு பல்தொழிற் பயிலகத்தில் மின்னணுவியலிற் சேர்ந்தான். பாடம் ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். முதலாண்டில் இரண்டு தாள்களில் தவறினான். அவற்றுள் ஒன்று மின்சுற்றுப் பாடம். இரண்டாம் ஆண்டு செல்லவில்லை. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் அடைபட்டபோது, வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியில் தங்கையும் தம்பியும் ஒரே வேளையில் ஒலிவழிப் பாடம் கேட்க வேண்டியிருந்தமையால், இக் கருவியை முதன்முதல் அவர்களுக்காகவே செய்தானாம். தடையிடாமற் செய்தபோது ஒருத்திக்கு உரக்கவும் ஒருவனுக்கு மெல்லவும் கேட்டது, சண்டை வந்தது, பல நாள் முயன்று தடையிடும் முறையைத் தானே கண்டறிந்தான்.

மேலே நான் காட்டிய கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதிக் காட்டினேன். 32-உம் 32-உம் இணையாக நின்றால் 16 ஆவது எங்ஙனம், 65-உம் 65-உம் நின்றால் 32½ ஆவது எங்ஙனம் என்று படம் வரைந்து விளக்கினேன். அவன் அத் தாளை நெடுநேரம் பார்த்தான். பிறகு, “பாரலல் சர்க்கியூட்டுன்னு புத்தகத்துல வந்தது இதுதானா ஐயா?” என்று கேட்டான்.

ஆம், அதுதான். அவன் தேர்வில் எந்தப் பாடத்தில் தவறினானோ அந்தப் பாடத்தைத்தான் ஒவ்வொரு நாளும் கையாற் செய்துகொண்டிருக்கின்றான். இரண்டும் ஒன்றென்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பின் அவன் இன்று எங்கிருந்திருப்பான் என்று என்னால் அறுதியிட முடியாது. ஆனால், அறிவு கையிலேயே தங்கிவிட்டது. நூலுக்கும் தேர்வுக்கும் பட்டத்திற்கும் ஏறிச் செல்ல அதற்குப் படி இல்லாமற் போயிற்று. தாய்மொழியில் தொழிற்கல்வி வேண்டும் என்று நாம் கேட்பதைப் பழம்பெருமை பேசுவோரின் பிடிவாதம் என்று நகைக்கும் படித்தவர்கள், இக் கடையின் முன் ஒருமணி நேரம் வந்து நிற்கட்டும்.

அரசினைக் குறை கூறுமுன் நம்மை நாமே நோக்கிக்கொள்ள வேண்டும். கரையான்சாவடியிலிருந்து குன்றத்தூர் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் பல்லவபுரம். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்டது அங்கே. அதே ஆண்டில் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கமும் தோன்றியது. நூறாண்டு கடந்துவிட்டது. சொற்களை நாம் ஆக்காமல் இல்லை; வேண்டுமளவு ஆக்கினோம். எட்போனுக்குச் செவிப்பொறி, காதொலிப்பான், தலையணி, கேட்பொறி எனப் பல பெயர்கள் உலவுகின்றன. அவற்றுள் எது சிறந்தது என்று நமக்குள்ளேயே நாம் வழக்காடிக்கொண்டிருக்கின்றோம். அவற்றுள் ஒன்றேனும் கரையான்சாவடிக் கடைக்கு வந்து சேரவில்லை. நாம் சொற்களைத் தாளில் எழுதித் தாளிலேயே வைத்துக்கொண்டோம். ‘வானொலி’யும் ‘கணினி’யும் ‘மின்னஞ்ச’லும் மக்கள் வாயில் ஏறியது செய்தித்தாளும் பள்ளிநூலும் நாள்தோறும் அவற்றைப் புழங்கியதனாலேயே. பட்டறைக்கு அத்தகைய தூதர் எவரையும் நாம் விடுத்திலேம்.

சொல் முன்னா, கல்வி முன்னா என்னும் வினாவிற்கு ஈழத்தில் ஒரு விடை உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். எல்லாச் சொற்களும் ஆயத்தமான பின் வகுப்பைத் தொடங்குவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. கற்பிக்குங்கால் சொல் தேவைப்பட்டது, தேவைப்பட்டபோது ஆக்கினார், மாணவர் வாயில் நின்றது நின்றது, நில்லாதது உதிர்ந்தது. இங்கே அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது 2010-இல். அதுவும் கட்டுமானவியல், எந்திரவியல் ஆகிய இரண்டு துறைகளில் மட்டும். மின்னணுவியல் அவ்விரண்டனுள் இல்லை.

ஈழத்தைக் குறிப்பிட்டபின் மற்றொன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1990-களின் முற்பாதியில் யாழ்ப்பாணம் பொருள்தடைக்குள் கிடந்தது. மின்னாற்றல் அறுபட்டது, வானொலிக்கு இடும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, விளக்கெரியச் செய்யும் மின்னாக்கியைக் கொண்டு வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்ற, சுற்றி அமர்ந்த அனைவரும் கேட்டனர். கழித்தவற்றிலிருந்து தேவையை ஆக்கிக்கொள்ளும் திறம் ஓரினத்திற்குப் பொழுதுபோக்கன்று. நெருக்கடி வருங்கால் அதுவே உலகோடு தொடர்பறாமற் காக்கும் இழை. இதனை அறியாதோரே ‘கடையில் வாங்கினால் போயிற்று, இதற்கெல்லாம் கட்டுரையா’ என்பர்.

கடையில் எப்பொழுதும் வாங்க முடியும் என்பதும் மெய்யன்று. 1979-இல் சோனி நிறுவனம் முதன்முதல் வெளியிட்ட ‘வாக்மன்’ என்னும் ஒலிநாடாக் கருவியில் செவிப்பொறித் துளைகள் இரண்டு இருந்தன. உடனிருப்போரை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் கேட்பது பண்பன்று என்று அதன் தலைவர் அகியோ மொரித்தா எண்ணியதே கரணியம். பின்னாளில் அவ்விரண்டாம் துளை மறைந்தது. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியிலிருந்து அவ்வொற்றைத் துளையையும் நீக்கிற்று, பிறவும் பின்பற்றின. துளையிருந்தபோது ஒரு முளையும் இரண்டு கம்பியும் கொண்டு எவரும் இருவர் கேட்க வழிசெய்துகொள்ளலாம். துளை போனபின் அவர்கள் விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

அக் கைப்பேசிகள் எங்கோ கடல் கடந்து செய்யப்பெறுவன அல்ல. கரையான்சாவடிக்கு மேற்கே, பெங்களூர்ச் சாலையில் திருப்பெரும்புதூர். அங்கே 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை கோடிக்கணக்கிற் கைப்பேசிகளைச் செய்து, 2014-இல் மூடப்பெற்றது. இன்று பாக்சுகான் ஆலையில் ஆப்பிள் கைப்பேசிகள் பூட்டப்பெறுகின்றன. பூட்டும் கைகளுட் பெரும்பாலானவை நம் பெண்களின் கைகள். துளை வேண்டுமா வேண்டாவா என்று முடிவுசெய்யும் இடத்தில் நம்மவர் இல்லை. உறுப்புகளுக்குப் பெயரிடும் இடத்திலும் நம்மவர் இல்லை. ஓர் ஆலை ஓரிரவில் மூடப்படின், ஆண்டுக்கணக்கில் ஒரே திருகினை முடுக்கியவர்க்கு அக் கருவி முழுதும் எவ்வாறு இயங்குகின்றது என்று தெரியாது. அதனைத் தெரிந்தவன் இந்தச் சிறு கடைத் தம்பி. அவனுக்கோ பட்டமில்லை.

ஒரு நச்சினையும் மறைத்தல் தகாது. பழைய பலகைகளில் உள்ள ஈயம் உடலுக்குப் பெருங்கேடு, சிறுவர்க்கு அதனினும் மிகுதி. தம்பி பற்றவைத்த கையோடு தேநீர்க் குவளையை எடுத்தான். கைகழுவிவிட்டுக் குடிக்கச் சொன்னேன். புகை முகத்தில் அடிக்காமல் ஒரு சிறு விசிறி வைத்தல் வேண்டும். கம்பியிலிருந்து செம்பெடுக்கப் பலகைகளைத் தெருவோரத்திற் கொளுத்துவோர் செய்வது தொழிலன்று, தற்கொலை. பழைய தொலைக்காட்சியின் படக்குழாயைப் பயிற்சியில்லாதோர் தொடவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இவ் வெச்சரிக்கைகளும் ஆங்கிலத்திலேயே அச்சாகி வருகின்றன என்பதை எண்ணுங்கால், தமிழ்ச்சொல் இல்லாமை உயிர்க்கே ஊறாவது புலனாகும்.

இனி அக் கருவியின் பெயருக்கு வருவோம். தம்பி அதனை ‘ஒய்’ என்றான்; ஆங்கில எழுத்தின் வடிவம். ‘பகுப்பான்’, ‘பிரிப்பான்’ என்பவை என் நினைவிற்கு முதலில் வந்தன. இரண்டும் பிழையில்லை, ஆனால் உயிரில்லை. பிறகு, ஒன்றாய் எழுந்து இரண்டாய்ப் பிரியும் கிளைக்குத் தமிழில் ‘கவை’ என்று பெயருண்டே என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. “கவட்டையா ஐயா? குருவி அடிக்கிற கவட்டை?” என்றான். அதுவேதான். கவை, கவடு, கவட்டை எல்லாம் ஓரினம். அவன் பிள்ளைப்பருவத்தில் கையில் வைத்திருந்த சொல் அது. இக் கருவிக்கும் அது பொருந்தும் என்று எவரும் காட்டவில்லை, அவ்வளவே. செவிக்கவை என்று வைத்துக்கொள்வோம். பிளக்கு என்பதற்கு முளை. சாக்கு என்பதற்குத் துளை. மாடு கட்டும் முளையை அறிந்தவனுக்கு இம் முளையை விளக்க வேண்டியதில்லை. பற்றாசு என்னும் சொல்லை மும்முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “லெட்டைவிட இது கொஞ்சம் நீளம் ஐயா” என்றான். நீளந்தான். ‘ஆசு’ என்று சுருக்கிக்கொள் என்றேன். காரிகை உரைகாரர் சினங்கொள்ள மாட்டார்.

அன்பர்கள் தத்தம் ஊரிலுள்ள பட்டறைகளுக்கு ஒருமுறை செல்க. தச்சர், கொல்லர், கம்மியர், வண்டி பழுதுநீக்குவோர், மின்கம்பி இழுப்போர் வாயில் இன்னும் எஞ்சியிருக்கும் தமிழ்ச்சொற்களைக் கேட்டு எழுதுக. சொல்லிக்கொடுக்கச் செல்லற்க, கேட்கச் செல்க. கேட்ட பின்னர் ஒன்றிரண்டு சொல்லிவிட்டு வருக. எழுதியவற்றை இவ் விதழுக்கு விடுத்தால் திங்கள்தோறும் ஒரு பக்கம் அவற்றிற்கு ஒதுக்குமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்கின்றேன்.

சென்ற கிழமை என் வானொலியை வாங்கிவர மீண்டும் அக் கடைக்குச் சென்றேன். மேலே பெயர்ப்பலகை அப்படியேதான் இருந்தது. கண்ணாடிப் பேழையின் மூலையில் மட்டும் ஓர் அட்டைத்துண்டு புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. ‘செவிக்கவை செய்து தறப்படும்’ என்று அதில் கையால் எழுதியிருந்தான். றகரப் பிழையை அடுத்த முறை செல்லுங்கால் சொல்லிக்கொள்ளலாம் என்று வானொலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.